டிபன் கேரியர் கட்டடம்

மாரீஸ்வரியைக் கண்டதும் தெரு வாயை மூடிக்கொண்டது. குழாயடியில் குடத்தை மறந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள், அவள் தலை தெரிந்ததும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பங்குனி வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது பாட்டுக்கு அடிக்கிறது. மலையம்மாள் தன் குடத்தை நகர்த்தி வைத்து, "நீ மொதல்ல பிடிச்சுக்கத்தா" என்றாள். மலையம்மாள் குழாயடியில் யாருக்கும் முறை விட்டுக்கொடுத்தவள் இல்லை. பெற்ற மகளுக்கே விட மாட்டாள்.

முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவள் புருஷன் பாண்டிமுருகனிடமிருந்து போன் இல்லை. கோலாலம்பூரில் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கிற வேலை அவனுக்கு. மொட்டைமாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் ஒரு கூண்டை இறக்குவார்கள். அதில் நின்றபடி மாடி மாடியாகத் துடைத்துக்கொண்டே கீழே வர வேண்டும். எந்த மாடியில் தொங்கினாலும் சாப்பாட்டு வேளையில் வீடியோவில் வந்துவிடுவான். நேற்று வரவில்லை. இவள் அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. ராத்திரிக்கு மேல் மணியும் போகவில்லை.

கோட்டையூரிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகாத மாரீஸ்வரிக்குக் கோலாலம்பூரின் நடு ஊர் தன் சொந்தத் தெரு மாதிரி அத்துப்படி. எல்லாம் அந்தக் கூண்டிலிருந்து அவன் காட்டியதுதான். கட்டடங்களின் நிஜப் பெயர் இரண்டு பேர் வாயிலும் நுழையாததால் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். மேலே போகப் போகக் கூம்புவது வாழைப்பூ. பல்பல்லாகப் பால்கனி நீட்டிக்கொண்டிருப்பது சீப்பு. உலகமே வந்து போட்டோ எடுக்கிற ரெட்டைக் கோபுரத்துக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, அதுதான் ஏற்கெனவே பேர் பெற்றதாயிற்றே. அதைத் துடைக்கிற பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை என்று பாண்டிமுருகனுக்கு ஒரு குறை. வாழைப்பூவின் இருபதாவது மாடியில் ஒரு வெள்ளைக்காரன் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் தின்பதும், சீப்பில் ஒரு சீனத்துக் கிழவி பால்கனியில் மிளகாய்ச் செடி வளர்ப்பதும் மாரீஸ்வரிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. அவள் வாயில் எதுவும் தங்காது. காலையில் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் காரைக்குடி பஸ் ஏறிவிடும்.

பக்கத்து வீட்டு ரோகிணியும் கூட உட்கார்ந்துதான் இதையெல்லாம் பார்ப்பாள். அவள் புருஷன் சரவணகுமாரும் அதே கூண்டு வேலைக்குப் போனவன்தான். ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ரோகிணி மாரீஸ்வரியை நச்சரித்தாள், மாரீஸ்வரி புருஷனை நச்சரித்தாள், பாண்டிமுருகன் போன வருஷம் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்கு வைத்து, அடுக்குக்கு அடுக்கு இடுப்பு சிறுத்துப் போகிற ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "அய்யே, டிபன் கேரியரு!" என்று ரோகிணிதான் சிரித்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் டிபன் கேரியரில்தான் வேலை.

வீட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பால் வாங்க ஏகப்பன் டீக்கடைக்குப் போனாள். கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் ஏகப்பன் டீ ஆற்றுகிற குவளையைப் போட்டுவிட்டு ரிமோட்டைத் தேடினான். பதற்றத்தில் சத்தத்தை அதிகமாக்கி, அப்புறம்தான் சேனலை மாற்றினான். அந்த இடைவெளி போதும். நாலு அடுக்கு. மூன்றாவது அடுக்கின் ஓரத்தில் ஒரு கூண்டு, ஒரு பக்கக் கயிறு அறுந்து, செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது என்ன நியூசு?"

"அது பழசு. எப்பவோ நடந்ததப் போட்டுக்கிட்டு இருக்கான். பால் அரை லிட்டரா?" பாலை நீட்டினான். காசு வாங்க மறந்துவிட்டான். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளாசுக்குள் எதையோ தேடினார்கள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பாலை அடுப்பில் வைத்தாள், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மற்ற ஊர்க்காரியாக இருந்தால் அந்த நிமிஷமே யார் சட்டையையாவது பிடித்து உலுக்கி விஷயத்தைக் கறந்திருப்பாள். மாரீஸ்வரி இந்தத் தெருக்காரி. இந்தத் தெரு ஏன் வாயை மூடுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. அன்று சாயங்காலம் முளைப்பாரி. மண் ஓட்டில் எருவும் தானியமும் போட்டு, வெயில் படாமல் இருட்டறையில் வைத்து வளர்த்த பயிரைப் பெண்கள் தலையில் சுமந்து போய் ஊருணியில் கரைப்பார்கள். பாரி போட்ட வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. அந்த வீட்டுப் பாரியை அப்படியே இறக்கி வைத்துவிட வேண்டும். ஒரு பாரி நின்றால் தெருவுக்கே ஆகாது என்று பயம். ஆனால் வெளியூர்ச் சாவுக்கு ஒரு விலக்கு உண்டு. காதில் விழுந்த பிறகுதான் அது தீட்டு. அதனால் காப்புக் கட்டின பிறகு வெளியூரில் யார் செத்தாலும், சம்பந்தப்பட்டவளைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும். போன வருஷம் சிங்கம்புணரியில் மலையம்மாளின் அண்ணன் இறந்தபோது அப்படித்தான் நடந்தது. பாரியைக் கரைத்துவிட்டு ஈரப் புடவையோடு கரையேறியவளிடம்தான் சொன்னார்கள். அது வரைக்கும் மாரீஸ்வரியை மலையம்மாள் வீட்டுப் பக்கமே விடவில்லை. அவள் வாயை நம்பி யார் விடுவார்கள்?

இந்த வருஷம் மலையம்மாள் குடத்தை நகர்த்தி வழி விடுகிறாள்.

மாரீஸ்வரி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கட்டடத்தின் பெயர் யாருக்கும் தெரியாதே, நாலு அடுக்குக் கட்டடம் அந்த ஊரில் ஒன்றுதானா இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது அடுக்கில் பாதிக் கண்ணாடி பச்சை, பாதி நீலம். மாற்றி வாங்கிப் போட்டுவிட்டார்கள் என்று பாண்டிமுருகன் கேலி செய்திருக்கிறான். டிவியிலும் பச்சையும் நீலமும் இருந்தது.

அப்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். மலேசியா நம்பர்தான், ஆனால் அவன் நம்பர் இல்லை. அவளுக்குத் தெரிந்த நம்பரே இல்லை. கம்பெனிக்காரன். வேறு யாராக இருக்கும்? முறைப்படி வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ ஒருவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன் அவள் கையில் துடித்தது. எடுத்தால் காதில் விழுந்துவிடும். விழாத வரைக்கும் அவன் அங்கே கூண்டில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நேர்ந்துகொண்டுதானே அந்தப் பாரியையே போட்டாள்? அது தண்ணீரில் போய்ச் சேரட்டும். அதற்கு முன்னால் எவனும் எதையும் சொல்ல வேண்டாம். மணி நின்றது. மறுபடி அதே நம்பர் அடித்தது. மாரீஸ்வரி போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் தெருவைக் கண்டு ஓடினாள். தெரு அவளைக் கண்டு ஓடியது. இதில் யார் யாருக்குப் பயந்தார்கள் என்று அம்மனுக்குத்தான் வெளிச்சம். எதிரே யாராவது வாயைத் திறந்தால், "அடுப்புல வேலை கெடக்கு" என்று திரும்பிவிடுவாள். அடுப்பு அன்றைக்குப் பற்றவே இல்லை. உள்ளுக்குள் மட்டும் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. என் புருஷன் செத்ததை என்னைத் தவிர எல்லோரும் தெரிந்துகொண்டு டீ குடிக்கிறான்களே! இனி இந்தத் தெருவில் ஒருத்தி வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் ரோகிணி வந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள்.

"என்னக்கா, இன்னும் குளிக்காம உக்காந்திருக்கீக? பாரிய வெளிய எடுக்கப் போறாகளாம்."

மாரீஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். இவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நடிக்கிறாள். என்ன நடிப்பு!

"சரவணன் பேசுனானா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"எங்கிட்டுப் பேசுறது? என் போனு கெட்டுப்போச்சுன்னு கொழுந்தன் நேத்தே வாங்கிட்டுப் போயிருச்சு. நல்லாத்தானே இருந்துச்சுன்னேன், இல்ல மதினி, டிஸ்பிளே போகப்போகுதுங்குது. காலையில ஏதோ சோலியா சிவகங்கைக்குப் போயிருக்கு, வந்தாத்தான் போனு. உங்க போன்ல அடிச்சுப் பாப்பமா?"

"சார்ஜ் இல்ல."

"எம்புட்டுப் பச்சையா வந்திருக்கு தெரியுமா நம்ம ரெண்டு பேரு பாரியும்? மத்த எல்லாம் மஞ்சப் பாய்ஞ்சு கெடக்கு. கோட்டைச்சாமி சித்தப்பாவே சொன்னாரு." ரோகிணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்கக்கா. நீங்க வந்தாத்தான் நானும் தூக்குவேன்."

அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல் இருந்தது மாரீஸ்வரிக்கு. உன் புருஷன் பிழைத்துக்கொண்டான், அந்தக் கொழுப்பில் சிரிக்கிறாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் வாழ்க்கையில் நாக்கு நுனிக்கு வந்த ஒன்றை முழுங்கியது அதுதான் முதல் தடவை.

கோயில் முன்னால் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. பாரிகளை வரிசையாக வைத்துப் பெண்கள் கும்மி அடித்தார்கள். குலவை போடும்போது பலபேர் கண் தன் பக்கம் வந்து வந்து போவதை மாரீஸ்வரி பார்த்தாள். தன் பாரியையும் பார்த்தாள். ரோகிணி சொன்னது உண்மைதான், ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நின்றது. அதைப் பார்த்ததும் அவள் பிடித்து வைத்திருந்த பிடி நழுவியது. தீட்டோடு இதைத் தூக்கி என்ன ஆகப்போகிறது? தெரியாத மாதிரி நடித்தால் அம்மனுக்கும் தெரியாமல் போய்விடுமா? கூட்டத்தை விட்டு விலகி, கோயில் காரியம் பார்க்கிற கோட்டைச்சாமியிடம் போனாள். தெருவுக்கே அவர் சித்தப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூடத் தட்டோடு நின்றவர், அவள் வருவதைப் பார்த்ததும் கோயிலுக்குப் பின்னால் நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க சித்தப்பா. எனக்குத் தெரியும்."

"என்னாத்தா தெரியும்?"

"டிவில பாத்துட்டேன். அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும். நான் பாரி தூக்கல. என்னைய வச்சு நீங்க எல்லாரும் நாடகம் போட வேணாம். அவுக எப்ப வாராக? பொட்டியிலயா வாராக?" சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

கோட்டைச்சாமி முகத்தில் ஈயாடவில்லை. சூடத் தட்டைத் தரையில் வைத்தார். "அடி கிறுக்குப் புள்ள! உம் புருசனுக்கு ஒண்ணும் இல்லத்தா. அவன் நல்லா இருக்கான். காலையில உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எனக்கு அடிக்கிறான். நாந்தான் சாயங்காலம் வரைக்கும் பொறுறான்னு சொல்லி வச்சிருக்கேன்."

மாரீஸ்வரி நம்பவில்லை. அவர் தன் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். காலையில் வந்த அதே நம்பர்.

"மாரி" என்றது போன். "ஏன்டி எடுக்க மாட்டேங்குற?"

அவன் குரல்தான். அவளை மாரி என்று கூப்பிட வேறு யாரும் இல்லை. "எங்கிட்டு இருக்கீக? உங்களுக்கு என்ன ஆச்சு? கை காலெல்லாம் இருக்கா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். உலகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் உண்டு என்று அவளுக்கு அது வரைக்கும் தெரியாது. அந்த டிபன் கேரியரையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடலாம் போல் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் மேல மொட்டைமாடில மோட்டார்கிட்ட நின்னேன். எம் போனு கூண்டுக்குள்ள கெடந்துச்சு, அதோட போயிருச்சு. இது கூட வேலை பாக்குறவன் போனு." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "மாரி, சரவணன் போயிட்டான்டி."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்துக்குச் சேதி போய்ச் சேர நேரம் பிடித்தது.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சட்டுனு முடிச்சிட்டு ஏறுவோம்னு இடுப்புக் கொக்கிய மாத்திப் போடக் கழட்டியிருக்கான். அந்த நேரம் பாத்துக் கயிறு விட்டிருச்சு. கூட இருந்தவன் கொக்கியில தொங்குனான், பொழைச்சுக்கிட்டான். இவன் கைய நான் மேல இருந்து பாத்தேன்டி. என்னத்தப் போயிப் பிடிக்கிறது?" பாண்டிமுருகன் அழுதான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை. "ரோகிணி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நாந்தானே கூட்டியாந்தேன்."

நீங்களா கூட்டிக்கொண்டு போனீர்கள், நான் அல்லவா சொன்னேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சித்தப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"சரவணன் தம்பி கோபிநாத்துக்குக் கம்பெனில இருந்து நேத்தே சொல்லிட்டாக" என்றார் கோட்டைச்சாமி, குரலைத் தாழ்த்தி. "கலெக்டர் ஆபீசுல சொல்லி உடம்பக் கொண்டுவாரதுக்குத்தான் அவன் சிவகங்கை போயிருக்கான். அந்தப் புள்ளைக்குக் கரைச்சுட்டு வந்தப்புறம் சொல்லிக்குவோம். உங்கிட்டச் சொன்னா அங்குட்டுப் போயிச் சேர்ந்திரும்னுதான் ஆத்தா உன்னைய ஒதுக்குனோம். உன் வாயி தெரிஞ்சதுதானே. உனக்குத் தீட்டு இல்ல, நீ போயித் தூக்கு. ஊருணி வரைக்கும் மட்டும் வாயக் கட்டிக்க."

மாரீஸ்வரி திரும்பி நடந்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று நெஞ்சு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. அதற்காக அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. வரிசையில் அவளுக்கென்று ஒரு இடத்தைக் காலி வைத்துக்கொண்டு ரோகிணி நின்றாள். யாரோ பாரியைத் தூக்கி மாரீஸ்வரியின் தலையில் வைத்தார்கள். கொட்டுச் சத்தம் ஓங்கியது. ஊர்வலம் நகர்ந்தது.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஏகப்பன் டீக்கடையில் டிவியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தது.

"அண்ணே பேசிட்டாகளாக்கா?" ரோகிணி பாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினாள். "சித்தப்பா போன்ல பேசுனீகளே, பாத்தேன். காலையிலேருந்து செத்துப்போன மாதிரி இருந்தீக. இப்பத்தான் மூஞ்சில உயிர் வந்திருக்கு."

"ம்."

"எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருந்தாகளாமா? சாப்புட்டாகளாமா? எம் போனு கெட்டுப்போனதச் சொல்லச் சொன்னீகளா?"

இருந்தாராம் என்று ஒரு வார்த்தை. சாப்பிட்டாராம் என்று இன்னொரு வார்த்தை. தெருவே நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பொய்தான். மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். எதையும் கொட்டிவிடுகிற அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து அடுப்படித் தரையில் தான் உட்கார்ந்திருந்த உட்காரல் அவளுக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு இந்தப் பெண்ணின் மஞ்சள் புடவையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் ஆகவில்லை. உண்மையைச் சொல்லவும் ஆகவில்லை.

"பாரிய எறக்கி வச்சிருவோம் ரோகிணி" என்றாள் கடைசியில். "என்னால முடியல. ரெண்டு பேரும் எறக்கி வச்சிட்டு வீட்டுக்குப் போவோம், வா."

ரோகிணியின் உதட்டில் சிரிப்பு கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. கண்ணிலிருந்து முதலில் போயிற்று. அவள் மலையம்மாளைப் பார்த்தாள். மலையம்மாள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கோட்டைச்சாமியைப் பார்த்தாள். அவர் கொட்டுக்காரர்களிடம் எதையோ சொல்லப் போனார். வாசல்களில் நின்ற பெண்களைப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போன போனும், சிவகங்கைக்குப் போன கொழுந்தனும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"டிபன் கேரியர்லயாக்கா?" என்று கேட்டாள்.

மாரீஸ்வரியின் தலையில் பாரி ஆடியது. கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை. "ரோகிணி, நான் சொல்..."

"சொல்லாதீக." ரோகிணி இரண்டு கையாலும் பாரியை இறுகப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "ஊருணி வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீக. அவுகளுக்குன்னு போட்ட பாரி. கொண்டுபோயிச் சேத்துர்றேன். கூட வாங்கக்கா."

கொட்டு அடித்துக்கொண்டே இருந்தது. மாரீஸ்வரி ஒரு கையை எடுத்து ரோகிணியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கோயிலிலிருந்து ஊருணி அதிக தூரம் இல்லை, தெரு முனையில் திரும்பினால் தண்ணீர் தெரியும். ரோகிணி நடையைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஒரு அடி எடுத்து வைத்து, நின்று, அடுத்த அடியை யோசித்து வைத்தாள். பின்னால் வந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி முட்டிக்கொண்டு நின்றார்கள். வேகமாக நட என்று ஒருத்தியும் சொல்லவில்லை.